கோல்ஃப் வரலாற்றைப் படப் புத்தகமாகப் போடுவது எப்படி: படம், அனுமதி, அச்சு எல்லாம் படிப்படியாக

கோல்ஃப் வரலாற்றைத் தமிழில், படங்களோடு, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத ஒரு புத்தகமாகப் போட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு புத்தகத்துக்காக நான் அலைந்தபோது, எங்கே கேட்பது, எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். படத்துக்கு அனுமதி வாங்கத் தெரிந்தவர்கள் குறைவு. இந்த மாதிரிப் புத்தகம் பெரும்பாலும் நின்றுபோவது அங்கேதான்.

வரலாற்றை இங்கே சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தெரிந்ததைத்தானே எழுதப்போகிறீர்கள். எந்தப் படம் எங்கே இருக்கிறது, எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும், எதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் படப்பட்டியல், அப்புறம் எழுத்து

கட்டுரைகளை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, ‘இதற்கு ஒரு படம் கிடைத்தால் நன்றாக இருக்கும்’ என்று தேடப் போகாதீர்கள். கிடைக்காத படத்தை நம்பி எழுதிய அத்தியாயத்தைப் பிறகு வெட்டுவது பெரிய வேதனை. கிடைக்கும் என்று உறுதியான படங்களை அடுக்கிவிட்டு, அவற்றைச் சுற்றி எழுதினால் புத்தகம் தானாக உருவம் பெறும்.

எக்செல்லில் ஒரு தாள் போடுங்கள். படத்தின் பெயர், வரைந்தவர் அல்லது எடுத்தவர், அவர் இறந்த ஆண்டு, படம் முதலில் வெளியான ஆண்டு, இப்போது யாரிடம் இருக்கிறது, அவர்கள் கொடுத்திருக்கும் பதிவு எண், நமக்கு வேண்டிய அளவு, கட்டணம், அனுமதி வந்த தேதி, அவர்கள் சொல்லும் நன்றி வரி. இத்தனையும் ஒரு வரிசையில் வர வேண்டும். இறந்த ஆண்டு ஏன் என்று அடுத்த படியில் புரியும்.

கோல்ஃபைப் பொறுத்தவரை சில படங்கள் இல்லாமல் புத்தகம் நிற்காது. 1744-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் எழுதப்பட்ட 13 விதிகள், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆட்டக்காரர்களை சார்ல்ஸ் லீஸ் 1847-இல் தீட்டிய பெரிய ஓவியம், 1860-இல் பிரஸ்ட்விக்கில் முதல் ஓப்பன் (பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டி) நடந்த காலத்து ஆட்டக்காரர்கள், அந்தக் காலத்துச் சாம்பியன் ஓல்ட் டாம் மாரிஸ், சாம்பியன் பெல்ட்டை அணிந்து நிற்கும் அவர் மகன் யங் டாம். இவற்றை முதல் வரிசையில் போட்டுவிட்டு மற்றதை நிரப்புங்கள்.

2. எந்தப் படத்துக்கு இன்னும் காப்புரிமை இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. அவசரம் வேண்டாம்.

புத்தகத்தை எந்த நாட்டில் விற்கிறீர்களோ அந்த நாட்டுச் சட்டம்தான் கணக்கு. இந்தியாவில் படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அப்புறம் 60 ஆண்டு. பிரிட்டனில் 70 ஆண்டு. அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. இணையக் கடைகள் வழியாக லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் விற்கப் போகிறீர்கள் என்றால் அந்தந்த நாட்டுக் கணக்கையும் பார்த்தாக வேண்டும்.

ஒரே புத்தகத்துக்குள்ளேயே கணக்கு மாறும். 1910-இல் பிரிட்டிஷ் கோல்ஃப் மைதானங்களைப் பற்றி பெர்னார்ட் டார்வின் எழுத, ஹாரி ரவுண்ட்ரீ வண்ணத்தில் வரைந்த ஒரு நூல் வந்தது. மிக அழகான படங்கள். ரவுண்ட்ரீ 1950-இல் இறந்தார். ஆகவே படங்கள் பிரிட்டனிலும் 2020 முடிவோடு பொதுவுடைமை, அதாவது காப்புரிமை முடிந்து யாரும் பயன்படுத்தலாம். டார்வின் இறந்தது 1961-இல். அவருடைய வரிகள் இந்தியாவில் 2021 முடிவோடு பொதுவுடைமை ஆகிவிட்டன, பிரிட்டனில் 2031 முடியும்வரை ஆகாது. படத்தை எடுத்துப் போடலாம், பக்கத்தில் அவருடைய பத்தியை மொழிபெயர்த்துப் போட்டு லண்டனில் விற்கக் கூடாது. புத்தகம் பழசு, எல்லாம் இலவசம் என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

புகைப்படத்தில் இன்னொரு சிக்கல். இந்தியாவில் முன்பு புகைப்படத்துக்கு மட்டும் வெளியான தேதியிலிருந்து 60 ஆண்டு என்று இருந்தது. 2012 திருத்தத்தில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். இப்போது புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுள், அதன் மேல் 60 ஆண்டு. திருத்தத்துக்கு முன்பே காலம் முடிந்தவை முடிந்தவைதான். அதாவது 1951 வரை வெளியான புகைப்படங்களுக்கு இங்கே தடை இல்லை. அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ் 1930-இல் நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற ஆண்டின் பத்திரிகைப் படங்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். பென் ஹோகன் 1953-இல் கார்னூஸ்டியில் ஓப்பனை வென்ற படங்கள் அந்தப் பக்கம், அவற்றுக்கு அனுமதி வேண்டும்.

அச்சேறாத பழைய கையெழுத்துப் பிரதிகளிடம் கவனமாக இருங்கள். எழுதியவர் 1969-க்கு முன் இறந்து, 1989 வரை அது வெளியிடப்படாமலும் இருந்தால், பிரிட்டனில் 2039 முடியும்வரை அதற்குக் காப்புரிமை உண்டு. 1780-இல் ஒருவர் எழுதிய கடிதமாக இருந்தாலும் இதே விதிதான். கேட்க நம்ப முடியாது, ஆனால் சட்டம் அப்படி.

உரிமையாளர் யாரென்றே தெரியாத படங்களுக்குப் பிரிட்டனின் அறிவுசார் சொத்து அலுவலகம் 2014-இலிருந்து உரிமம் தருகிறது. தேடிப் பார்த்ததற்கான பதிவை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். அந்த உரிமம் பிரிட்டனுக்குள் மட்டும் செல்லும். இந்தியாவில் விற்க அது உதவாது என்பதால், அப்படிப்பட்ட படத்தை விட்டுவிட்டு வேறு படம் தேடுவதே லாபம்.

3. இலவசமாகக் கிடைப்பதை முதலில் அள்ளுங்கள்

காசு கொடுப்பதற்கு முன் இலவசமாக எவ்வளவு தேறுகிறது என்று பாருங்கள். பாதிப் புத்தகம் தேறிவிடும்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள பொதுவுடைமை ஓவியங்களைப் பெரிய அளவில் யார் வேண்டுமானாலும் எடுக்க விட்டிருக்கிறது. ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் 1608 வாக்கில் வரைந்த பனிக்காலக் காட்சி அங்கே இருக்கிறது. உறைந்த ஆற்றின்மேல் கூட்டத்துக்கு நடுவே கோலும் பந்துமாக ஆடுகிறவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போட்டாலும் தாங்கும் அளவுக்குக் கோப்பு பெரியது. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் பெயின் செய்தி நிறுவனத்தின் படத்தொகுப்பு இருக்கிறது. 1910-களின் கோல்ஃப் படங்கள் அதில் கிடைக்கும், வெளியிடத் தடை ஏதும் தெரியவில்லை என்ற குறிப்போடு.

1890-இல் பாட்மிண்டன் லைப்ரரி வரிசையில் வந்த கோல்ஃப் நூலையும் பாருங்கள். தாமஸ் ஹாட்ஜும் ஹாரி ஃபர்னிஸும் வரைந்த படங்கள் அதில் உண்டு. இருவரும் 1925-க்குள் இறந்துவிட்டதால் எந்தக் கவலையும் இல்லை. பழைய பிரதி ஒன்றை வாங்கி நீங்களே ஸ்கேன் செய்தால் இணையத்தில் உள்ள மங்கலான ஸ்கேனைவிடப் பத்து மடங்கு நன்றாக வரும். வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது 2019-இலிருந்து புத்தகத்துக்கு 5 சதவீத அடிப்படைச் சுங்க வரி இருக்கிறது என்பதையும், கூரியர்காரர் தனியாக ஒரு கட்டணம் போடுவார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விக்கிமீடியாவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே ‘பொதுவுடைமை’ என்று போட்டிருப்பது பல நேரம் அமெரிக்கச் சட்டப்படி மட்டும். இன்னொன்று, ‘வணிகமற்ற பயன்பாட்டுக்கு’ என்று உரிமம் இருந்தால், விலை போட்டு விற்கும் புத்தகத்தில் அது செல்லாது. நீங்கள் லாபம் பார்க்காவிட்டாலும் செல்லாது.

4. ஸ்காட்லாந்துக்கு அனுமதிக் கடிதம்

இனி காசு கொடுத்து வாங்க வேண்டியவை. முக்கியமான படங்கள் நான்கைந்து இடங்களில் இருக்கின்றன.

லீத் விதிகள் எழுதிய குறிப்பேடு எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. லீஸின் ஓவியம் ஸ்காட்லாந்து தேசிய ஓவியக் கூடத்துக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸின் கோல்ஃப் அமைப்பான ஆர் அண்ட் ஏ-வுக்கும் பொதுவான சொத்து, 2002-இல் சேர்ந்து வாங்கினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக நூலகத்தின் புகைப்படத் தொகுப்புதான் கோல்ஃபுக்குப் பெரிய சுரங்கம். அந்த ஊர்ப் படக்காரர் தாமஸ் ராட்ஜர் காலத்துப் படங்கள், வேலன்டைன் நிறுவனத்தின் அஞ்சலட்டைக் காட்சிகள், 20-ஆம் நூற்றாண்டில் கவீ எடுத்த ஓப்பன் படங்கள் எல்லாம் அங்கே. அதே ஊரில் கடற்கரையை ஒட்டி ஆர் அண்ட் ஏ உலக கோல்ஃப் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய மட்டைகள், இறகு அடைத்த பந்துகள், கோப்பைகள் இவற்றின் படம் வேண்டுமென்றால் அங்கே எழுதுங்கள்.

கடிதம் சுருக்கமாக, ஆனால் எல்லா விவரத்தோடும் இருக்க வேண்டும். விவரம் குறைந்தால் திருப்பிக் கேட்பார்கள், அதற்கே இரண்டு வாரம் போகும். கட்டாயம் எழுத வேண்டியவை இவை: நூலின் பெயர், ஆசிரியர், வெளியிடுபவர், மொழி தமிழ், எத்தனை பிரதி, எந்தெந்த நாட்டில் விற்பனை, அச்சு மட்டுமா மின்னூலும் உண்டா, உத்தேச விலை, வெளியாகும் மாதம், படத்தின் பதிவு எண், அது கால் பக்கமா அரைப் பக்கமா முழுப் பக்கமா, உள்ளேயா அட்டையிலா. அட்டைக்கு எப்போதும் தனிக் கட்டணம், உள்பக்கத்தைவிட அதிகம்.

மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, மறுபதிப்புக்கும் சேர்த்து அனுமதி. 500 பிரதிக்கு வாங்கிவிட்டு அடுத்த 500-க்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குவது வீண் செலவு. இரண்டு, ஒரே மொழி, சிறு பதிப்பு என்பதால் கட்டணக் குறைப்பு. கேட்டால் குறைப்பவர்கள் உண்டு, கேட்காமல் யாரும் குறைப்பதில்லை. மூன்று, அளவை ஒரு படி கூட்டிக் கேளுங்கள். வடிவமைப்பின்போது கால் பக்கப் படம் அரைப் பக்கம் ஆவது சாதாரணம்.

பழைய ஓவியத்துக்குக் காப்புரிமையே இல்லையே, பின் எதற்குக் காசு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. தட்டையான பழைய ஓவியத்தை அப்படியே நகலெடுத்த படத்துக்குப் புதுக் காப்புரிமை பிறக்காது என்ற திசையில்தான் பிரிட்டிஷ் நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பு போகிறது. ஆனால் அச்சுக்கு ஏற்ற பெரிய கோப்பு அவர்கள் கையில் இருக்கிறது. அதைத் தரும்போது ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள், கையெழுத்துப் போட்டால் அதில் உள்ளது உங்களைக் கட்டுப்படுத்தும்.

மாற்று வழியும் உண்டு. லீஸின் ஓவியத்தை சார்ல்ஸ் வாக்ஸ்டாஃப் செதுக்கி, 1850-இல் அச்சுப்படமாக வெளியிட்டார்கள். அந்த அச்சுப்படம் பல இடங்களில் இருக்கிறது. வண்ண ஓவியத்துக்குக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் அந்தக் கறுப்பு வெள்ளை அச்சுப்படத்தைப் போடலாம், பார்க்க அதுவும் கம்பீரமாகவே இருக்கும்.

வணிகப் பட முகமைகளிடம் கடைசியாகப் போங்கள். ஒரு முகமை, 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படம் ஒன்றுக்கு என்னிடம் கேட்ட தொகை, அதே படத்துக்கு ஒரு நூலகம் கேட்டதைப்போலப் பல மடங்கு. இரண்டு இடத்திலும் ஒரே படம், ஒரே கீறல். போன நூற்றாண்டின் பிற்பகுதிப் படங்களுக்கு முகமையை விட்டால் வழியில்லை. அதற்கு முந்தையதற்கு எங்காவது ஒரு நூலகத்தில் மூலம் இருக்கும், தேடுங்கள்.

செலவுக்கு ஒரு கணக்கு: கட்டணம் ஒரு படத்துக்குச் சில பத்து பவுண்டில் தொடங்கி நூறைத் தாண்டியும் போகும். சராசரி 50 பவுண்டு என்று வைத்தால், 40 படத்துக்கு 2,000 பவுண்டு. அச்சுச் செலவோடு போட்டிபோடும் தொகை இது. அதனால்தான் மூன்றாம் படியை நான்காம் படிக்கு முன் வைத்தேன்.

நேரம் பற்றி. பதில் வரவும், கட்டணச் சீட்டு வரவும், கோப்பு வரவும் எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஜூலையில் ஓப்பன் நடக்கும், கோல்ஃப் அமைப்புகள் அந்த நேரம் மூச்சுவிட முடியாத வேலையில் இருப்பார்கள். 2027 ஓப்பன் செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே நடப்பதால் அந்தக் கோடையை ஒதுக்கிவிடுங்கள். பிப்ரவரி, மார்ச், இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள்.

5. பணம் அனுப்புவது

சிறு தொகைக்குக் கார்டில் கட்ட விடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். அதுதான் எளிது. வங்கி வழியாக அனுப்பினால் கட்டணச் சீட்டு, ஒப்பந்த நகல், உங்கள் பான் எண், எதற்கான பணம் என்பதற்கான குறியீடு எல்லாம் கேட்பார்கள். படத்தைப் பயன்படுத்தும் உரிமைக்குக் கொடுக்கும் பணம் ராயல்டி கணக்கில் வந்து வரிப் பிடித்தத்துக்கு உட்படலாம். அப்போது அந்த நிறுவனத்திடம் வரி வதிவிடச் சான்று (எந்த நாட்டில் வரி கட்டுகிறார்கள் என்பதற்கான சான்று) வாங்க வேண்டியிருக்கும். பணம் அனுப்பும் அன்று இதைக் கேட்டு எழுதினால் வாரக்கணக்கில் இழுக்கும். முதல் கடிதத்திலேயே ‘தேவைப்பட்டால் இந்தச் சான்றைத் தர முடியுமா’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், ஆடிட்டரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

6. படக்குறிப்பில் ஏமாறாதீர்கள்

இது செலவில்லாத படி. ஆனால் புத்தகத்தின் மரியாதை இதில்தான் இருக்கிறது.

கோல்ஃபைப் பற்றி இணையத்தில் சுற்றும் படங்களில் பலவற்றின் குறிப்பு தவறு. ஸ்காட்லாந்து ராணி மேரி கோல்ஃப் ஆடுவதாக ஒரு படம் எல்லாப் புத்தகத்திலும் வரும். அது அவர் காலத்துப் படமே இல்லை, முந்நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து ஒருவர் கற்பனையில் வரைந்தது. போடலாம், ஆனால் அப்படிச் சொல்லிப் போட வேண்டும். குளோஸ்டர் தேவாலயத்தின் 14-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிச் சன்னலில் கோலை ஓங்கி நிற்கும் உருவத்தை ‘உலகின் முதல் கோல்ஃப் வீரர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது ஏதோ ஒரு கோல்பந்து ஆட்டம், அதற்கு மேல் சொல்ல ஆதாரம் இல்லை. டச்சு ஓவியங்களில் வருவது அவர்களுடைய கோல்ஃப் போன்ற ஆட்டம். சீனாவில் மிங் பேரரசர் ஷுவாந்த பந்தைக் குழிக்கு அடிக்கும் சுருள் ஓவியத்தில் இருப்பது சூவான் என்ற ஆட்டம். உறவு இருக்கலாம் என்ற ஊகத்தை ஊகமாகவே எழுதுங்கள்.

தேதியிலும் கவனம். லீஸின் ஓவியம் 1847, அதில் காட்டப்படும் ஆட்டம் 1841. லண்டன் பிளாக்ஹீத் கோல்ஃப் கிளப்பின் வில்லியம் இன்ஸை ஏபட் தீட்டிய ஓவியம் தொலைந்துபோய்விட்டது. நாம் பார்ப்பதெல்லாம் 1790-இல் வேலன்டைன் கிரீன் செய்த அச்சுப்படமும் அதன் நகல்களும்தான். சிவப்புக் கோட்டு இன்ஸுக்குப் பின்னால், சட்டைப் பையில் புட்டியோடு மட்டைகளைச் சுமந்து நிற்கும் கிரீனிச் ஓய்வுபெற்ற மாலுமிகள் விடுதிப் பெரியவரின் முகம் அந்த அச்சுப்படத்தில் எவ்வளவு தெளிவு! அடுத்தடுத்த நகல்களில் அது மழுங்கிக்கொண்டே போகும். எந்த நகலிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.

ஓப்பனின் கோப்பைச் சின்னம், செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதான அறக்கட்டளையின் சின்னம் போன்றவை பதிவான வணிக முத்திரைகள். உள்ளே வரலாறாகப் பேசுவது வேறு, அட்டையில் அலங்காரமாகப் போடுவது வேறு. அட்டைக்கு ஒரு பழைய ஓவியத்தை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

7. பக்கக் கணக்கும் தாளும்

பக்கங்கள் 16-இன் மடங்கில் இருக்கட்டும். 200 பக்கம் என்று மனதில் வைத்திருந்தால் அதை 192 ஆக்குங்கள், சரியாக 12 ஃபாரம் (ஒரு ஃபாரம் 16 பக்கம்). ஒரு ஃபாரத்துக்கு இரு பக்கமும் நான்கு வண்ணம் என்றால் 8 பிளேட், மொத்தம் 96 பிளேட். 300 பிரதி அடித்தாலும் 1,000 அடித்தாலும் இதே 96 பிளேட்தான். ஆஃப்செட்டில் பிரதி கூடக்கூட விலை இறங்குவது இதனால். 300-க்குக் கீழே என்றால் டிஜிட்டலில் ஒரு கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுங்கள்.

தாள் 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேட் ஆர்ட் பேப்பர் போதும். பளபளப்பான தாளில் பழைய புகைப்படங்கள் கண் கூசும். கொட்டேஷனில் தாளின் பெயர், ஜிஎஸ்எம், தையல் பைண்டிங், அட்டை போர்டின் தடிமன், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்கு அடித்த ஒரு அச்சகம் பேசிய தாளைவிட மெல்லிய தாளில் இரண்டு ஃபாரம் ஓட்டிவிட்டது. எழுத்தில் இருந்ததால் திரும்ப அடித்துக் கொடுத்தார்கள். படப் புத்தகத்துக்கு வெறும் பசை பைண்டிங் வேண்டவே வேண்டாம், விரித்தால் ஓவியத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடும்.

படத்தின் அளவு: ஏ4 முழுப் பக்கத்துக்கு 300 டிபிஐ-இல் 2480-க்கு 3508 பிக்சல். ஓரம் வரை ஓடும் படத்துக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல். அதற்குக் குறைவான கோப்பைப் பெரிதாக்கினால் அச்சில் பல்லிளிக்கும்.

எப்போது அடிப்பது? நவம்பர், டிசம்பரில் சென்னை அச்சகங்கள் பொங்கல் நேரத்துப் புத்தகக் காட்சி வேலையில் நிரம்பி வழியும். சிவகாசியில் ஆடி தொடங்கி வருடக் கடைசி வரை காலண்டரும் டைரியும். கோடை முழுக்கப் பாடநூலும் நோட்டும். புத்தகக் காட்சி முடிந்த கையோடு பிப்ரவரியில் கொடுத்தால், நம் வேலையை நின்று பார்க்க ஆள் இருக்கும்.

8. தமிழ் எழுத்து உடையாமல் பாருங்கள்

டிடிபி செய்பவரிடம் யூனிகோடில்தான் வேலை செய்ய வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். பெயர்களுக்கு ஒரு பட்டியல் வைத்து, மாரிஸ் என்றால் கடைசிவரை மாரிஸ்தான், ஓரிடத்தில் மோரிஸ் என்று வரக் கூடாது. படக்குறிப்பு எழுத்து 8 புள்ளிக்குக் கீழே போனால் தமிழில் படிக்க முடியாது, ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து அளவு வைக்காதீர்கள்.

9. புரூஃபை நேரில் பாருங்கள்

திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். வண்ணப் புரூஃப் எடுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். லீஸின் ஓவியத்தைத்தான் நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். பந்து குழியை நோக்கி உருள, அதைச் சுற்றிக் குனிந்து நிற்கும் கூட்டத்தில் சிவப்புக் கோட்டுகள், கறுப்புக் கோட்டுகள், உயரத் தொப்பிகள். சிவப்பு செங்கல் நிறமாக இறங்கினால் மஞ்சள் கூடிவிட்டது. கறுப்புக் கோட்டில் மடிப்புகள் தெரியாமல் ஒரே திட்டாக இருந்தால் மை கூடிவிட்டது. பின்னால் இஞ்சிப் பானம் விற்கும் பெண் தெளிவாகத் தெரிந்தால் ஓட்டலாம்.

ஹில், ஆடம்சன் இருவரும் 1840-களில் எடுத்த பழுப்பு நிறப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடாதீர்கள். அந்தப் பழுப்புதான் படத்தின் உயிர். நான்கு வண்ணத்திலேயே அடியுங்கள். யங் டாமின் பெல்ட் அசலில் சிவப்புத் தோல் என்பதற்காகப் புகைப்படத்துக்குச் சாயம் பூசவும் வேண்டாம். பல நூலகங்களின் ஒப்பந்தம் படத்தை வெட்டவோ வண்ணம் சேர்க்கவோ அனுமதிப்பதில்லை.

10. ஐஎஸ்பிஎன்னும் நூலகப் பிரதிகளும்

இந்தியாவில் ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, அட்டைப் பட மாதிரி தயாராக இருக்கட்டும். சில வாரம் ஆகலாம் என்பதால் அச்சுக்குப் போகும் முன்பே வாங்கிவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு எண் தருகிறேன் என்பவர்களிடம் போக வேண்டாம், அந்த எண்ணில் வெளியீட்டாளராக அவர்கள் பெயர்தான் பதிவாகும். கெட்டி அட்டைக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண்.

1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். படம் கொடுத்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பிரதி தருவதாக ஒப்பந்தத்தில் இருக்கும். இவற்றை எல்லாம் கூட்டினால் பத்துப் பிரதி போய்விடும், அச்சு எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றி வரிகளை அவர்கள் கொடுத்த வாசகத்தில், எழுத்து மாறாமல் போட்டிருக்கிறீர்களா என்று அச்சுக்கு முன் ஒரு முறை சரிபாருங்கள்.

11. விலையும் எடையும்

192 பக்கம், ஏ4, 130 ஜிஎஸ்எம் என்றால் உள்தாள் மட்டும் 780 கிராம் அளவுக்கு வரும். கெட்டி அட்டையும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். தபால் செலவு அங்கே ஒரு படி ஏறுகிறது. புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் அட்டைப் பெட்டி, குமிழித் தாள், கூரியர் எல்லாவற்றுக்கும் உண்டு. மூலை நசுங்காமல் போக நல்ல பெட்டி கட்டாயம்.

கடைக்காரர்களுக்கு 35, 40 சதவீதம் கழிவு கொடுக்க வேண்டியிருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு பிரதிக்கு 500 ரூபாய் ஆனால் விலை 1,500 வைத்தால்தான் நிற்க முடியும். 900 வைத்தால் கழிவும் தபாலும் போக அசல்கூடத் தேறாது. அரசு நூலகங்கள் மொத்தமாக வாங்கும் ஆணையை நம்பி 1,000 அடிக்காதீர்கள், இந்த விலைப் புத்தகத்துக்கு அது வருமென்று சொல்ல முடியாது. முன்பதிவு வாங்கி, வந்த எண்ணிக்கையோடு ஒரு மடங்கு கூட்டி அடியுங்கள். மறுபதிப்பு அனுமதி நான்காம் படியிலேயே கையில் இருப்பதால், தீர்ந்தால் பிளேட் போட்டு அடுத்ததை ஓட்டிக்கொள்ளலாம்.